விரைந்தருள்க

மேல்சோலை எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் போடிநாயக்கனூருக்கும் நடுவே ஓர் ஓடை. ஓடையின் மேல் ஒரு மரப்பாலம். அந்தப் பாலத்தின் பலகை ஆவணி மாதத்தில் ஒரு நாள் வீரணனின் காலடியில் மளுக்கென்று முறிந்தது. தலையில் அரிசி மூட்டையோடு வந்தவர் இடுப்பளவு உள்ளே இறங்கிவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஆளையும் மூட்டையையும் இழுத்துக் கரையில் போட்டார்கள். மூட்டைக்குச் சேதமில்லை. வீரணனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

அவருடைய மனைவி சோலையம்மாள் மறுநாள் ஓடைக்குள் இறங்கிப் பாலத்தின் அடியைப் பார்த்தாள். பாலத்தைத் தாங்கும் இரண்டு உத்தரங்களில் ஒன்றைக் கறையான் தின்று தீர்த்திருந்தது. விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. ஐப்பசி மழைக்கு இது நிற்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாலம் போனால் லயம் தீவுதான். அரிசி, மண்ணெண்ணெய், ஆஸ்பத்திரி எல்லாமே ஓடைக்குப் போடிப் பக்கம். அதைவிடப் பெரிய கவலை ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. மகள் சந்திரவல்லிக்கு இது தலைப்பிரசவம். ஐப்பசி கடைசியில் நாள். மலைக்குக் கீழே ராசிங்காபுரத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் பிள்ளை பெறக் கூட்டிப் போவதாகப் பேச்சு. ஏலக்காய் எடுப்பு நடக்கும்போது முன்கூட்டியே இறங்கிவிட்டால் கங்காணி லயத்து அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். அதனால் நாள் நெருங்கியதும் போகலாம் என்றிருந்தார்கள். ஆனால் நிறைமாதக்காரி முறிந்த பலகைகளைத் தாண்டித் தாண்டி எப்படிப் போவாள்?

பாலம் யாருடையது என்று விசாரித்தாள். ‘மலைவழிப் பராமரிப்புச் சபை’யுடையது என்றார்கள்.

சபையின் ஆபீஸ் போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் இருந்தது. கீழே ஏலக்காய் மணக்கும். படி ஏறினால் கோந்து மணக்கும். வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் தங்கள் குதிரைகள் வழுக்கி விழாமலிருக்க ஆரம்பித்த சபை அது. துரைகள் கப்பலேறிப் பத்து வருஷம் ஆகிவிட்டது. குதிரைகள் இல்லை. வழிகளிலும் பாதி இல்லை. சபை மட்டும் இருந்தது, நன்றாகவே இருந்தது.

வாசலில் நின்ற சேவகன் கண்ணுச்சாமி, “என்னக்கா, என்ன சோலியா வந்தீக?” என்று கேட்டு, காரியதரிசி ஐசக்கிடம் அழைத்துப் போனான். ஐசக் துரைகளிடம் வேலை பார்த்தவர். ஊரில் யாருக்கு ஆங்கிலத்தில் தந்தி வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் சோலையம்மாள் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டார். வீரணனின் காலைப் பற்றிச் சொன்னபோது அவர் கண்கூடக் கலங்கியது.

“அம்மா, இது ஹர்ரி கேசு” என்றார்.

“அப்படின்னா என்னங்கய்யா?”

“துரை காலத்திலே ஒரு ரப்பர் முத்திரை உண்டு. அதிலே ‘ஹர்ரி’ன்னு இங்கிலீசிலே இருக்கும். அதைக் குத்திட்டா பைலு அன்னைக்கே தலைவர் மேசைக்குப் போயிரும். குத்தலைன்னா வரிசைப்படிதான்.”

“அப்பக் குத்துங்கய்யா.”

“போன வாரம் வந்திருந்தா குத்தியிருப்பேன்” என்றார் ஐசக், உண்மையான வருத்தத்தோடு.

போன வாரம்தான் சபை ஒரு தீர்மானம் போட்டிருந்தது. இனி எல்லாம் தமிழில். அப்படிச் செய்யும்படி யாரும் அவர்களுக்கு எழுதவில்லை. நாட்டுக்கே வழிகாட்ட வேண்டும் என்று அவர்களாகவே முடிவெடுத்திருந்தார்கள். ஆங்கில முத்திரைகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ‘நிராகரிக்கப்பட்டது’, ‘பிறகு பார்க்கலாம்’, ‘இடமில்லை’ ஆகியவற்றுக்கெல்லாம் உடனே தமிழ் கிடைத்துவிட்டது. ‘ஹர்ரி’க்கு மட்டும் கிடைக்கவில்லை.

“வெரசான்னு போட்டாப் போதாதாய்யா?”

ஐசக் இரக்கத்தோடு சிரித்தார்.

“எங்க லயத்துல ‘அரியப்பு’ம்போம்” என்றாள் சோலையம்மாள். “தோட்டத்துல துரை அப்படித்தான் கத்துவாரு. ‘அரியப்பு, அரியப்பு’ன்னு. எங்க அய்யா அதுல ரொம்பச் சந்தோஷப்படுவாரு. எவ்வளவு பெரிய துரை, நம்மளப் போயி வாய் நிறைய அப்புங்கிறாரேன்னு.”

ஐசக் சிரிப்பை நிறுத்தி இதைக் குறித்துக்கொண்டார். அவள் குறையை மனுவாக எழுதி வைத்துக்கொண்டு, சொல்லாய்வுக் குழு ஒன்று அமைத்திருக்கிறோம், அடுத்த சந்தை நாளில் வா என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த சந்தை நாளில் அவள் கூடையோடு வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். குழு கூடியிருந்தது. நடுவில் சபைத் தலைவர் தங்கபாண்டியன். ஏலக்காய் வியாபாரி. விரலில் தொட்டுப் பார்த்தே காயின் தரம் சொல்வார் என்று பேர். அந்த விரலால் அன்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் ஐசக். இடப்பக்கம் தமிழ்ப் புலவர் பிச்சைமணி.

முதலில் ஐசக் எழுந்தார். “ஆங்கிலத்தை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஹர்ரி வேறு, ஹேஸ்ட் வேறு, ரஷ் வேறு. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்துவிட்டது, நான் இன்னும் சட்டை மாட்டவில்லை. அது ஹர்ரி. மாட்டிய சட்டையின் உள்பக்கம் வெளியே இருக்கிறது. அது ஹேஸ்ட். கோயிலுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாசலில் நுழைகிறார்கள். அது ரஷ். பாதிரியார் பிரசங்கத்தைச் சட்டென்று முடித்தால் அது ஸ்பீடு. அதை மட்டும் நான் இன்னும் பார்த்ததில்லை.”

இதில் எதைத் தமிழாக்குவது என்று அன்றைய பொழுது போயிற்று.

அதற்கடுத்த சந்தை நாளில் புலவர் பிச்சைமணி எழுந்தார். “அவசரம் வடசொல். துரிதம் வடசொல். சீக்கிரம், வேகம் இரண்டும் வடசொல்.”

தலைவர் திடுக்கிட்டார். “அப்ப இத்தனை நாளும் நாம அவசரப்பட்டதெல்லாம்?”

“இரவல் வாங்கி அவசரப்பட்டிருக்கிறோம்” என்றார் புலவர் கசப்போடு. “நம்மிடம் விரைவு இருக்கிறது. கடிது இருக்கிறது. ஒல்லை இருக்கிறது.”

“கடிதுன்னு குத்தினா, கடிதம்னு எழுத வந்து மை தீந்துபோச்சுன்னு நினைப்பான்” என்றார் தலைவர்.

“சரி, ஒல்லை?”

“முத்திரை லேசா நழுவினாத் ‘தொல்லை’ன்னு வாசிப்பான். அதை வேற நம்ம ஆபீசு பேருக்குப் பக்கத்திலேயே குத்தணும்.”

ஐசக் தயங்கித் தயங்கி ‘உடனடி’ என்றார். தலைவர் பலமாகத் தலையை ஆட்டினார். “வேண்டாம்யா. மனு கொண்டாந்தா உடனே அடின்னு அர்த்தம் பண்ணிக்குவானுக. ஒரு பய படியேற மாட்டான்.”

சோலையம்மாள் சுவரோரத்திலிருந்து எழுந்து நின்றாள். “ஐயா, புரட்டாசி பொறந்துருச்சு. மேல ஒரு மழை பேஞ்சுருச்சு. இன்னும் ரெண்டு பலகை போயிருச்சு.”

தலைவர் அவளைக் கனிவோடு பார்த்தார். “உன் கஷ்டம் எனக்குத் தெரியாதாம்மா? அதனாலேதானே இத்தனை பேர் எங்க சோலியை எல்லாம் போட்டுட்டு உக்காந்திருக்கோம். ஆனா ஒண்ணு. அவசரத்துக்கு உண்டான சொல்லை அவசரப்பட்டு முடிவு செய்ய இந்தச் சபை ஒருநாளும் சம்மதிக்காது.”

கண்ணுச்சாமி அவளைப் படிவரை கொண்டுவந்து விட்டான். “மகளை இப்பவே கீழே கூட்டியாந்துருங்கக்கா” என்றான் மெல்ல.

“எப்படிடா தம்பி? ரெண்டு எட்டு நடந்தா மூச்சு வாங்குது அவளுக்கு. தாவித் தாவியா வருவா? ஒரு பலகையாச்சும் போட்டுக் குடுத்தா, மறுநா கூட்டியாந்துருவேன்.”

“நீங்களே ரெண்டு மரத்தை வெட்டிப் போட்டா?”

“மரத்தைத் தொட்டா பாரஸ்டுக்காரன் விடுவானா? போன வருசம் விறகு பெறக்கினதுக்கே எங்க வீட்டுக்காரரை ஸ்டேசன்ல உக்கார வெச்சாக.”

அதற்கு அடுத்த கூட்டத்தில் சோலையம்மாளையே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மக்கள் வழக்கை அறிய வேண்டும் என்று புலவர் சொல்லியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் அவள் அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“உன் வீட்டில் ஒரு காரியம் சுருக்காக நடக்க வேண்டும். என்ன சொல்லுவாய்?” என்று கேட்டார் புலவர்.

“வெரசாம்போம். சுருக்காம்போம். சட்டுபுட்டுன்னு வாம்போம்.”

“அதைவிடக் கடுமையாக?”

“ஓடியாம்போம்.”

“அதையும்விட? பெரிய ஆபத்து. ஒரு கணம்கூடத் தாமதிக்க முடியாது. அப்போது?”

சோலையம்மாளுக்குப் பாலத்துப் பலகைக்குள் இறங்கிய வீரணன் நினைவுக்கு வந்தார். வயிற்றுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு சந்திரவல்லி அதே பலகையில் நிற்பதுபோல் தோன்றியது.

“அப்ப என்னய்யா சொல்லத் தோணும்? ஐயோன்னுதான் கத்துவோம்.”

புலவர் பரவசத்தோடு ஐசக்கைப் பார்த்தார். “எழுதிக்கொள்ளுங்கள். ‘ஐயோ’. தூய தமிழ். ஓலையிலும் உண்டு, வழக்கிலும் உண்டு.”

‘ஐயோ’ முத்திரை குத்தலாமா என்பதைப் பற்றி வெகுநேரம் விவாதம் நடந்தது. சபையின் கோப்புகள் எல்லாவற்றுக்குமே அது பொருந்தும் என்று ஐசக் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. தலைவர்தான் யோசித்து வேண்டாம் என்றார். வருகிற வருஷம் சபைக்குத் தேர்தல் இருந்தது.

கடைசியில் ‘விரைக’ என்பதற்கு எல்லோரும் இணங்கி வந்தார்கள். மை தொடும் நேரத்தில் தலைவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. “விரைகன்னா அது உத்தரவு மாதிரி இல்லே இருக்கு? பைலு எங்கிட்டத்தானே வரும்? அப்ப இந்த ஐசக் என்னைப் பாத்து ‘விரைக’ன்னு சொல்றாரா?”

ஐசக் வெலவெலத்துப் போனார். புலவர்தான் காப்பாற்றினார். மேலிடத்துக்குப் போகிற சொல்லில் பணிவு வேண்டும் என்று சொல்லி, ‘விரைந்தருள்க’ என்று திருத்திக் கொடுத்தார். கைதட்டல் எழுந்தது. மதுரைக்கு ஆள் அனுப்பி முத்திரை செய்யச் சொன்னார்கள். முத்திரை வந்து சேர்ந்தபோது ஐப்பசி பிறந்திருந்தது.

அந்த முத்திரையை ஆபீசில் வைத்துக் குத்துவது சிறப்பல்ல என்று தலைவர் கருதினார். பழுதான பாலத்தின் அருகிலேயே, மனுதாரர் முன்னிலையில், முதல் முத்திரை விழவேண்டும். அடிவாரம்வரை ஜீப்பில் வந்து, அங்கிருந்து நாற்காலிகளைத் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு எல்லோரும் ஓடைக்கரைக்கு வந்தார்கள். புகைப்படக்காரரும் வந்தார். சோடா பாட்டில்கள் வந்தன. மரமோ பலகையோ வரவில்லை.

சோலையம்மாளைக் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்கள். அன்று காலையில் சந்திரவல்லி இடுப்பு கடுக்கிறது என்றிருந்தாள். “சூட்டு வலியா இருக்கும் ஆத்தா. இன்னைக்கு முத்திரை விழுந்துட்டா நாளைக்கே பலகை வந்துரும். உன்னைத் தூக்கிட்டாவது போயிருவேன்” என்று சொல்லிவிட்டு, நல்ல உத்தரத்தின் மேலேயே அடிமேல் அடிவைத்து இந்தக் கரைக்கு வந்து கைகூப்பி நின்றாள். மேலே மலையில் மேகம் கறுத்துக் கிடந்தது.

தலைவர் பேசினார்.

“பெரியோர்களே! சபையைக் குறை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாலத்தையாவது பழுது பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள். நான் ஒளிக்கவில்லை, பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? பழுது பார்த்த பாலம் மறுபடியும் பழுதாகும். மறுபடியும் மனுக் கொடுப்பார்கள். ஆனால் நாம் கண்டெடுத்த சொல் இருக்கிறதே, அது பழுதாகுமா? கறையான் அரிக்குமா? வெள்ளத்தில் போகுமா? இந்த அம்மாளின் பேரப்பிள்ளைகள் நடப்பதற்குப் பாலம் இருக்கிறதோ இல்லையோ, விரைந்தருள்க என்று கேட்பதற்கு ஒரு சொல் என்றைக்கும் இருக்கும்!”

ஐசக் மடியில் அட்டையை வைத்து மனுவில் முத்திரையைக் குத்தினார். பளிச்சென்று விழுந்தது. புகைப்படக்காரர், தலைவர் பாலத்தின் மேல் நின்றால் படம் எடுப்பாக இருக்கும் என்றார். தலைவர் ஒரு காலை வைத்தார். பாலம் அடிவயிற்றிலிருந்து முனகியது. காலை எடுத்துவிட்டார். முகம் வெளிறிவிட்டது.

“இதிலேயா ஜனங்க நடக்குறாங்க? ஒரு காலுக்கே இப்படியா? மூடுங்கய்யா! இந்த நிமிஷமே மூடுங்க!”

ஐசக் அங்கேயே உத்தரவு எழுதினார். புது முத்திரை கையில் இருந்தது, அதிலும் குத்தினார். தலைவர் கையெழுத்துப் போட்டார். கண்ணுச்சாமி மூங்கில் வெட்டிக் குறுக்கே கட்டினான். கையிலிருந்த சோடாவைக் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சபையின் வரலாற்றிலேயே இவ்வளவு வேகமாக ஒரு காரியம் நடந்ததில்லை. எல்லோரும் பெருமையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஐயா, நான் அந்தப் பக்கம் போகணும். எம்மக அங்க இருக்கா” என்று சோலையம்மாள் ஓடி வந்தாள்.

“உனக்காகத்தானேம்மா மூடுறோம்” என்றார் தலைவர்.

தூறல் விழத் தொடங்கியது. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கீழே இறங்கினார்கள். யாரையும் விடக்கூடாது என்ற உத்தரவோடு கண்ணுச்சாமி மட்டும் நின்றான். ஓடைத் தண்ணீர் கலங்கி வரத் தொடங்கியது. சோலையம்மாள் தடுப்பு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எதிர்க்கரையில் வீரணன் கோலூன்றி நொண்டிக்கொண்டே வந்தார். “ஏத்தா சோலை! பிள்ளைக்கு வலி எடுத்துருச்சு! பனிக்குடம் ஒடஞ்சிருச்சு! வா!”

சோலையம்மாள் கண்ணுச்சாமியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து தடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். “இதை இடுப்புல கட்டிக்கங்கக்கா. மறுநுனி எங்கிட்ட இருக்கட்டும். இடப்பக்க மரத்துலயே போங்க, கீழ பாக்காதீக” என்றான்.

அவள் உட்கார்ந்தவாக்கில் உத்தரத்தைக் கட்டிப்பிடித்து நகர்ந்தாள். பாதி தூரத்தில் கறையான் தின்ற மரம் முறிந்து தண்ணீரில் விழுந்தது. அதோடு பலகைகள் எல்லாம் சரிந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சிய மரத்தின் மேல் அப்படியே கிடந்தாள். கயிறு இறுகியது. “போங்கக்கா, நான் பிடிச்சிருக்கேன்” என்று கண்ணுச்சாமி கத்தினான். மறுபடியும் நகர்ந்தாள். வீரணனின் கை அவள் கைக்கு எட்டியது.

அன்று சாயங்காலம் சந்திரவல்லி பெண் குழந்தை பெற்றாள். சோலையம்மாளும் லயத்துப் பெண்களுமே பார்த்தார்கள். குழந்தை நன்றாக அழுதது. ஆனால் பெற்றவளுக்கு மறுநாளே காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது, பேச்சுக் குழறியது. மிச்ச உத்தரத்தையும் ஓடை கொண்டுபோயிருந்தது. கரைக்கு வந்து நின்றால் எதிரே இருக்கிறவர் வாய் அசைவதுதான் தெரியும், சத்தம் எட்டாது. வீரணன் நெற்றியில் கைவைத்து, உடம்பை உதறிக் காட்டினார். குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டிக் காட்டினார். எதிர்க்கரையில் கண்ணுச்சாமி தலையை ஆட்டிவிட்டு இறங்கி ஓடினான்.

அவன் திரும்பி வந்தபோது தோளில் வடக்கயிறும், கையில் ஓலைக்கொட்டானும் இருந்தன. பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு தலைவரும் ஐசக்கும் வந்தார்கள். பாலம் போனதைப் பார்வையிட வந்திருந்தார்கள். தலைவர் லயத்து ஜனங்களைக் கண்டதும் ஒரு தாளை எடுத்துப் பேசத் தொடங்கினார். கையை உயர்த்தினார், இறக்கினார், மார்பில் வைத்தார். தண்ணீரின் இரைச்சலில் ஒரு சொல்லும் வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் கண்ணுச்சாமி கயிற்று நுனியில் கல்லைக் கட்டி வீசினான். தண்ணீரில் விழுந்தது. இழுத்து மறுபடியும் வீசினான். தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு அவனை ஏதோ அதட்டினார். அவன் காதில் அதுவும் விழவில்லை போலும். மறுபடி வீசினான். கல் சோலையம்மாளின் காலடியில் வந்து விழுந்தது.

கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்ட கொட்டானில் ஆஸ்பத்திரி மருந்தும், ரொட்டியும், சுக்கும் இருந்தன. மருந்து வேலை செய்தது. சந்திரவல்லி பிழைத்தாள், ஆனால் எழுந்து நடமாடக் கார்த்திகை ஆகிவிட்டது. காது ஒன்று அதன் பிறகு சரியாகக் கேட்கவில்லை.

மார்கழியில் தண்ணீர் வடிந்ததும் லயத்து ஆண்கள் வெள்ளத்தில் அடித்து வந்த இரண்டு மரங்களைத் தூக்கி ஓடைமேல் போட்டார்கள். அதன் வழியாகத்தான் சோலையம்மாள் பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு போடிக்கு வந்தாள். பாலத்தைப் பற்றிக் கேட்க வரவில்லை. மூடிய பாலத்தில் ஆளை விட்டதற்காகக் கண்ணுச்சாமியை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவன் கிட்டங்கி வாசலில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அவனைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டுப் படியேறினாள்.

தலைவர் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார். “வாம்மா! பேத்தியா? நல்லா இருக்கட்டும். அன்னைக்கு ஓடைக்கரையிலே நான் பேசினேனே, கேட்டுச்சா?”

“தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்கய்யா. நான் வந்தது கண்ணுச்சாமித் தம்பி விசயமா…”

“அதுக்கு அப்புறம் வருவோம். கேக்கலையா? அடடா! நல்ல பேச்சும்மா அது. உங்களுக்காகவே எழுதினது. ஐசக், அந்தத் தாளை எடும். உக்காரு, வாசிக்கிறேன்.”

அவள் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். “துயருற்ற மலைவாழ் மக்களே! இயற்கையின் சீற்றத்துக்கு முன்னால்…” ஐசக் தலைகுனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பக்கம் முடிவதற்குள் குழந்தை சிணுங்கியது. தட்டிக் கொடுத்தாள். இரண்டாம் பக்கத்தில் வீறிட்டு அழுதது. தலைவர் குரலை உயர்த்தினார்.

சோலையம்மாள் எழுந்தாள். கும்பிட்டாள். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

“என்னக்கா சொன்னாரு?” என்றான் கண்ணுச்சாமி.

“இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு.” குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டாள். “எஸ்டேட்ல எடுப்புக்கு ஆள் வேணும்னாக. கங்காணிகிட்ட நான் சொல்றேன். உன் துணிமணிய எடுத்துக்கிட்டு வா தம்பி. அடிவாரத்துப் பஸ்சு போயிரும்.”